பங்கும் பற்றும்

2024 பிப்ரவரி பௌர்ணமியன்று நந்திதுர்க்கில் வந்தனை முடிந்தபின்னும் இளைஞர் சிலர் கலையாது அமர்ந்து வாதிட்டனர். வாதம் தம்மத்தைப் பற்றியதன்று. பேடிஎம் என்னும் இணையக் கம்பெனியின் பங்குகளைப் பற்றியது. 2021 நவம்பரில் பங்கொன்று 2150 ரூபாய்க்கு விற்கப்பட்டு, சந்தைக்கு வந்த முதல் நாளிலேயே கால்வாசிக்கு மேல் விலை இழந்தது. 2024 ஜனவரி 31-இல், அதனைச் சார்ந்த பேமெண்ட்ஸ் வங்கி புதிய வைப்புகள் ஏற்பதை நிறுத்த வேண்டுமென ரிசர்வ் வங்கி ஆணையிட்டதும் மேலும் சரிந்தது. நம் பிள்ளைகளிடம் இருந்தவை பத்து இருபது பங்குகளே. ஆயினும் முகங்கள் வாடியிருந்தன.

“கீரை விற்கும் அம்மாவும் கைப்பேசியில் பணம் வாங்குகிறார், இத்தொழில் அழியாது” என்றார் ஒருவர். “வங்கிக் கணக்கிலிருந்து யூபிஐ வழியே வரும் பணத்துக்குக் கடைக்காரரிடம் கட்டணம் பெற 2020 முதல் இடமில்லை, வருவாய் எங்கே?” என்றார் மற்றொருவர். இரண்டும் உண்மையே. உடனே முன்னவர் நம்மூர்க் கதையை எடுத்தார்: “1880-களில் மைசூர் கம்பெனியின் லண்டன் பங்குதாரர், பணம் கரைந்ததென்று கம்பெனியைக் கலைக்க முற்பட்டனர். ஜான் டெய்லர் தடுத்தார். பின்பு சாம்பியன் ரேகை அகப்பட்டது. பொறுத்தோர் வென்றனரே!”

அக்காலத்திலேயே வயநாட்டில் பொன் தோண்டப் பல கம்பெனிகள் லண்டனில் எழுந்தன. அவற்றின் பங்குதாரரும் நம்பினர். ஏறக்குறைய அனைத்தும் மடிந்தன. அவர்களை எவரும் உதாரணம் காட்டுவதில்லை. சாம்பியன் ரேகையின் லாபம் லண்டன் சென்றது, கல்தூசி நம் பாட்டன்மார் நுரையீரலில் தங்கிற்று என்பது வேறு கட்டுரைக்குரியது.

எல்லோரும் சென்றபின், உரத்துப் பேசிய அவ்விளைஞர் என்னிடம் வந்தார். “ஐயா, எனக்கே நம்பிக்கையில்லை. விலை சற்று ஏறினால் விற்றுவிடுவேன். எல்லோரும் விற்றால் இன்னும் வீழுமே என்றுதான் அவ்வாறு பேசினேன். என் பேச்சை நம்பிச் சித்தப்பா மகனும் வாங்கியிருக்கிறான். ஆனால் நான் சொன்னதில் பொய் உண்டா?”

சொற்களில் பொய்யில்லை. கீரைக்காரம்மா கைப்பேசியில் வாங்குவது மெய்யே. எனினும் நான்காம் சீலம் சொல்லோடு நிற்பதன்று. சொல் எங்கிருந்து பிறந்தது என்றும் வினவும். காலாமருக்குப் பகவன் உரைத்தபோது, பேராசை பிடித்தவன் தான் தவறுவதோடு நில்லாது பிறரையும் அவ்வழி தூண்டுவான் என்று காட்டினார்.

அவரைக் கடிய எனக்குத் தகுதியில்லை. யான் வேலை செய்த ஆலை நலிந்தபோது, கணக்கை முடித்துக்கொண்டு போக எண்ணிய தோழரை, “ஆலை மீளும், பொறு” என்று நிறுத்தினேன். எனக்கும் பாக்கி வரவேண்டியிருந்தது. ஆட்கள் கலைந்தால் அது வாராதென்று அஞ்சினேன். அன்று அதனை நம்பிக்கை என்றே எண்ணினேன். ஆலை மூடிற்று. தோழருக்குக் கிடைத்திருக்கக்கூடியதும் போயிற்று.

இதைக் கேட்டபின் அவர், “சந்தையில் வாங்குபவனின் முகம் தெரியாதே, அவனுக்கு என்ன சொல்வது?” என்றார். அதற்கு எனக்கு இன்றும் தெளிவான விடையில்லை. முகம் தெரிந்த சித்தப்பா மகனிடம் அன்றிரவே உள்ளதைச் சொல்லுமாறு கூறினேன். சென்றார்.

அவ்வாண்டு மே மாதம் விலை 350-க்கும் கீழே இறங்கிற்று. டிசம்பரில் 1000-ஐத் தொட்டது. அவ்விருவரும் எப்போது விற்றனர் என்று யான் கேட்கவில்லை.