தாழம்பூவின் சாட்சி

வேலூர் சாலையில் திருவண்ணாமலை நகரை ஒட்டி இருக்கிறது வேங்கிக்கால். கலெக்டர் அலுவலகம் இங்கேதான். அதைச் சுற்றி லாட்ஜுகள், மனைப் பிரிவுகள், புதுக் குடியிருப்புகள். எல்லாவற்றுக்கும் மேலாக 2,668 அடி உயரத்தில் மலை. இந்த வட்டாரத்தில் மனை விற்பவரும் அறை வாடகைக்கு விடுபவரும் உண்மையில் விற்பது அந்த மலையின் அருகாமையைத்தான். அதைக் காட்ட இன்று ஸ்டூடியோக்காரரைத் தேட வேண்டியதில்லை. சட்டைப்பையில் இருக்கும் செல்போன் போதும். அந்தப் போனில் இரண்டு வித்தைகள் உண்டு. அகலமாகப் பிடிக்கும் லென்ஸை அறையின் மூலையில் வைத்தால் பத்தடி அறை கல்யாணக் கூடம்போல விரியும். வீட்டைவிட்டு நன்றாகப் பின்னால் நகர்ந்து ஜூம் போட்டால், வீடு அதே அளவில் இருக்க, எங்கோ இருக்கும் மலை மட்டும் பெரிதாகிக் கொல்லைப்புறத்தில் வந்து நிற்கும். எதையும் வெட்டி ஒட்டவில்லை. கேமரா முன் இருந்தது எதுவோ அதுதான் பதிவானது. ஆனாலும் பார்ப்பவர் மனதில் பதிவது வேறு. இது பொய்யா, இல்லையா? வியாபாரக் கேள்விபோலத் தோன்றினாலும் இது அறத்தின் கேள்வி. இதற்கு விடை தேடத் திருவண்ணாமலையைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

ஏனென்றால் இந்த ஊரின் தலபுராணமே ஒரு பொய் சாட்சியின் கதை. பிரம்மாவுக்கும் விஷ்ணுவுக்கும் யார் பெரியவர் என்று வாதம் எழ, அடிமுடி தெரியாத நெருப்புத் தூணாகச் சிவன் நின்றார். அந்த நெருப்பே குளிர்ந்து மலையானது என்பது நம்பிக்கை. விஷ்ணு பன்றியாகி நிலத்தைத் தோண்டிப் போனார், அடி கிடைக்கவில்லை. திரும்பி வந்து காணவில்லை என்றார். பிரம்மா அன்னமாகி மேலே பறந்தார். அவருக்கும் முடி கிடைக்கவில்லை. வழியில் கீழே விழுந்துகொண்டிருந்த தாழம்பூவைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு, முடியைக் கண்டேன் என்றார். பூ தலையாட்டியது. பிரம்மாவுக்குக் கோயில் இல்லாமற்போனதும், சிவ பூஜையில் தாழம்பூவைப் பொதுவாகச் சேர்க்காததும் இதனால்தான் என்பார்கள். கதையைக் கூர்ந்து பார்த்தால், இருவருமே தோற்றவர்கள். காணாததற்காக யாரும் தண்டிக்கப்படவில்லை. கண்டதாகச் சொன்னதற்கும், அதற்குச் சாட்சி நின்றதற்கும்தான் தண்டனை. பூ தன் வாயால் கதை எதையும் கட்டவில்லை. அது உண்மையிலேயே மேலிருந்து வந்த பூதான். உண்மையான ஒரு பொருள், உண்மையல்லாத ஒன்றுக்குச் சான்றாக நிறுத்தப்பட்டது, குற்றம் அங்கேதான். ஜூம் போட்டுக் கொல்லைக்கு வரவழைத்த மலையும் அப்படித்தான். மலை நிஜம், வீடு நிஜம். இரண்டுக்கும் இடையிலான தூரம் மட்டும் பொய்.

அப்படியானால் அழகாகப் படம் எடுப்பதே குற்றமா என்ற கேள்வி வரும். இல்லை. செல்போனில் நேர்த்தியாக எடுக்கும் வழிகளில் பெரும்பாலானவை பார்ப்பவருக்குச் செய்யும் மரியாதை. பேசுபவரை ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார வைக்காமல், வெளிச்சம் முகத்தில் விழும்படி உட்கார வைப்பது. தெரு இரைச்சலை விலக்கச் சட்டையில் சின்ன மைக் குத்துவது. கை நடுங்காமல் ட்ரைபாடில் நிறுத்துவது: இவற்றில் எந்த ஏமாற்றும் இல்லை. சில நுட்பங்கள் படத்தை உண்மைக்கு இன்னும் நெருக்கமாகக்கூடக் கொண்டுவருகின்றன. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் டியூப்லைட் நொடிக்கு 100 முறை கூடிக் குறைகிறது. கண்ணுக்கு அது தெரியாது. கேமராவில் பட்டை பட்டையாக ஓடும். ஷட்டர் வேகத்தை நொடியில் ஐம்பதில் ஒரு பங்காகவோ நூறில் ஒரு பங்காகவோ வைத்தால் அந்தப் பட்டை மறைந்து, கண் பார்த்த அறையே படத்திலும் வரும். ஆகவே கை வைத்தால் பொய், கை வைக்காவிட்டால் மெய் என்று பிரிக்க முடியாது. நாம் சும்மா பொத்தானை அழுத்தினாலும், போன் தானாகவே பல படங்களை எடுத்துக் கலந்து, எது வெளிச்சம், எது நிழல் என்று முடிவு செய்கிறது. கை படாத படம் என்று ஒன்று கிடையாது. திருவள்ளுவர் வாய்மைக்குச் சொன்ன அளவுகோலும் சொல்லின் வடிவத்தைப் பார்ப்பதில்லை. அதனால் பிறருக்குத் தீங்கு வருகிறதா என்று பார்க்கிறது. வீடியோவுக்கும் அதே கோல் பொருந்தும். இதை நம்பி ஒருவர் பணம் கட்டினால், வந்து இறங்கும்போது என்ன காண்பார்?

இந்த ஊரிலேயே இதற்கு நல்ல முன்மாதிரிகள் உண்டு. உலகெங்கும் பூஜை அறைகளில் இருக்கும் ரமண மகரிஷியின் முகப்படத்தை 1946இல் எடுத்தவர் பெங்களூரைச் சேர்ந்த வெல்லிங் என்ற தொழில்முறைப் புகைப்படக்காரர். ஒளியும் கோணமும் அறிந்த கை அது. இருந்தும் அந்த முகத்தில் இல்லாத எதையும் அது சேர்க்கவில்லை. 1950 ஏப்ரலில், ரமணரின் இறுதி நாட்களில், பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் கார்த்தியே-பிரெஸ்ஸோன் இங்கே வந்திருந்தார். அவருடைய கருவி கைக்கடக்கமான லைக்கா. ஃபிளாஷ் போடுவதும், எடுத்த படத்தின் ஓரத்தை வெட்டுவதும் அவருக்குப் பிடிக்காது. பெரிய கருவி இருந்தால்தான் தரம் வரும் என்பவருக்கும், கலை என்றால் கொஞ்சம் பொய் கலக்கத்தான் வேண்டும் என்பவருக்கும் இந்த இருவரின் படங்களே பதில்.

அந்த ரமணரை வைத்தே ஒரு மறுப்பு எழுப்பலாம். உலகம் திரையில் ஓடும் சினிமா, படத்தில் தீ எரிந்தாலும் திரை கருகாது என்ற உவமையை அவர் அடிக்கடி சொன்னார். எல்லாமே தோற்றம் என்றால், ஒரு லாட்ஜ் வீடியோவில் தோற்றம் கொஞ்சம் கூடினால் என்ன? இந்த வாதம் புத்திசாலித்தனமானது. ஆனால் கணக்கு மாறிவிட்டது. திரை உவமை பார்ப்பவன் தன்னை அறிவதற்காகச் சொன்னது, விற்பவனுக்கு விலக்கு அளிக்கச் சொன்னதல்ல. அத்வைதமே பாரமார்த்திகம் (முடிவான உண்மை), வியவகாரம் (அன்றாட நடப்பு) என்று இரண்டு நிலைகளைப் பிரித்து வைத்திருக்கிறது. அட்வான்ஸ் வாங்குவது வியவகாரத்தில் என்றால், அதற்குக் கணக்குச் சொல்வதும் வியவகாரத்தில்தான். பணம் வாங்கும்போது மட்டும் உலகம் நிஜம், கேள்வி கேட்டால் மாயை என்பது வேதாந்தம் ஆகாது. இன்னொரு மறுப்பு கோயிலுக்குள்ளிருந்தே வரும்: கல் மூர்த்திக்குச் சந்தனக்காப்பும் பட்டும் சாத்துவது மிகைப்படுத்தல் இல்லையா? இல்லை, அலங்காரத்துக்கு முன் அபிஷேகம் இருக்கிறது. பாலும் நீரும் வழிய, கல்லைக் கல்லாகவே எல்லோரும் பார்க்கிறார்கள். அதன் பிறகுதான் திரை போட்டு அலங்காரம். உள்ளதைக் காட்டிவிட்டு அழகு செய்தால் அது உபசாரம். உள்ளதை மறைக்க அழகு செய்தால் அது மோசடி.

கடைசியாக, பிழைப்பின் மறுப்பு. எல்லோரும் இப்படித்தான் எடுக்கிறார்கள், பார்ப்பவரும் பாதியைத் தள்ளிவிட்டுத்தான் நம்புகிறார், உள்ளபடி காட்டினால் சின்ன லாட்ஜ்காரர் எப்படிப் பிழைப்பார்? இதில் நியாயமான கவலை இருக்கிறது. ஆனால் வாதம் தன்னையே வெட்டுகிறது. பார்ப்பவர் பாதியைத் தள்ளிவிடுகிறார் என்றால், உள்ளபடி காட்டுபவரின் அறையிலும் பாதி போய்விடும். பொய்யின் விலையைக் கட்டுவது நாணயமானவர். தவிர, இங்கே வரும் வாடிக்கையாளர் பக்கத்துத் தெருக்காரர் அல்ல. ஆந்திராவிலிருந்தும் தெலங்கானாவிலிருந்தும் குடும்பத்தோடு வந்து, பௌர்ணமி கிரிவலக் கூட்டத்தில் நள்ளிரவில் சாவி வாங்குபவர். அறை சரியில்லை என்று வேறு இடம் தேட அவருக்கு வழி இல்லை. கூடுதலாகக் கொள்ளாமலும் குறைத்துக் கொடுக்காமலும் விற்ற காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் பட்டினப்பாலை புகழ்கிறது. அது கடல் கடந்து வந்தவர்களும் புழங்கிய துறைமுகம். தெரியாதவரிடம் காட்டும் நேர்மைதான் வணிக அறத்தின் உரைகல். சட்டமும் கிட்டத்தட்டப் புராணத்தின் வழியிலேயே போகிறது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறான எண்ணம் தரும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். அதில் தோன்றிப் பரிந்துரைப்பவர் ஓராண்டு வரை வேறு விளம்பரங்களில் பரிந்துரை செய்யவும் தடை போடலாம். பிரம்மாவுக்கு ஒரு தண்டனை, தாழம்பூவுக்கு ஒரு தண்டனை.

எனவே வழி ஒன்றுதான், அதற்குத் தனிக் கருவி வேண்டாம். வீடியோவில் முதலில் அபிஷேகம், பிறகு அலங்காரம். தெரு வாசலில் தொடங்கி, ஜூம் இல்லாமல், அகல லென்ஸ் இல்லாமல், சாதாரண லென்ஸிலேயே வெட்டாமல் நடந்து, படியேறி, கதவைத் திறந்து, கட்டிலும் குளியலறையும் காட்டி முடிக்கும் ஒரே காட்சி. அதைக் காட்டிய பிறகு மாலை வெயிலையும் கார்த்திகை தீபத்தையும் எவ்வளவு அழகாகவும் காட்டலாம். அப்போது அது யாரையும் ஏமாற்றாது. அந்த நடையின் நடுவே ஒரு வாக்கியம் சொல்லவும் இடம் இருக்கிறது: இந்த அறையிலிருந்து மலை தெரியாது, மொட்டை மாடிக்குப் போனால் தெரியும். அடியைக் காணாமல் திரும்பி வந்தவர் சொன்னதும் இந்த வகை வாக்கியம்தான். அதைச் சொன்னதால் அவர் ஒன்றும் சிறுத்துப்போய்விடவில்லை.