கானலா, கழுகுமலையா?



பங்குனி வெயில். சங்கரன்கோவில்ல கோமதி அம்மனைக் கும்பிட்டுட்டு கழுகுமலைக்குக் கிளம்புறீங்கன்னு வைங்க. சுமார் 20 கிலோமீட்டர்தான். உச்சி நேரம். கொஞ்ச தூரத்துல ரோட்டுல தண்ணி தேங்கி நிக்கிற மாதிரி பளபளன்னு தெரியும். கிட்டப் போனா காஞ்ச தார்தான். தண்ணி இன்னும் கொஞ்சம் தள்ளிப் போயிருக்கும். கானல்நீர். பழைய தமிழ்ல இதுக்குப் 'பேய்த்தேர்'னு பேரு.

இதுல கண்ணு பொய் சொல்லலை. போன்ல போட்டோ எடுத்தா அதுலயும் விழும். சூடான தாரை ஒட்டின காற்று லேசாகிடும். மேல இருக்கிற காற்று அதைவிட அடர்த்தி. வானத்துல இருந்து சாய்வா இறங்குற ஒளி, தரையைத் தொடுறதுக்கு முன்னாடியே மேல்நோக்கி வளைஞ்சு நம்ம கண்ணுக்கு வருது. ஒளி நேராத்தான் வரும்னு பழகின மனசு, மேல இருக்கிற வானத்தைத் தரையில பார்த்து, 'தண்ணி'ன்னு பேர் வைக்குது. தெரிஞ்சது நிஜமான வானம். வச்ச பேர்தான் தப்பு.

கந்தபுராணத்துல சூரபத்மன் மாயையோட மகன். கடைசிப் போர்ல கடல் நடுவுல மாமரமா நின்னான். வேல் ரெண்டாப் பிளந்தது. ஆனாலும் முருகன் அவனை இல்லாம ஆக்கலை. ஒரு பாதி மயில், ஒரு பாதி சேவல். ஒண்ணு வாகனமாச்சு, ஒண்ணு கொடியாச்சு. நம்ம ஆசையையும் அவர் அழிக்கிறதில்லை; திசை மாத்துறார். தாகம் நிஜம். தேடுற இடம்தான் மாறணும்.

ஒரு தம்பி மெசேஜ் பண்ணியிருந்தார்: "48 நாள் வேல்மாறல் படிச்சேன் அண்ணே. விடியக்காலம் எந்திரிச்சு விளக்கேத்தினேன், ரொம்ப நாளா பேசாம இருந்த அப்பாகிட்ட பேச ஆரம்பிச்சேன். ஆனா வேலை கிடைக்கலை. முருகனும் கானல்நீர்தானா?"

தம்பி, வேலை நாளைக்கே வந்துடும்னு நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. '48 நாள்ல கேட்டது கிடைக்கும்'னு ரீல்ஸ் போடுறவங்களுக்கும், 'பணம் அனுப்புங்க, பரிகாரம் பண்றோம்'னு சொல்றவங்களுக்கும் இல்லை. வேலை இல்லாம வீட்டுல இருக்கிறவன் வலி சாதாரணமில்லை.

ஆனா அதே ரோட்டுல இன்னொண்ணையும் பாருங்க. கானல் நெருங்க நெருங்க விலகும். மலை நெருங்க நெருங்கப் பெருசாகும். கழுகாசலமூர்த்தி பாறையைக் குடைஞ்ச குகையில உக்காந்திருக்கார். நாம வர்றோம்னு தள்ளிப் போக மாட்டார்.

இந்த 48 நாள்ல உங்க பக்கத்துல வந்தது எது? உங்க அப்பா. அதை ஒரே வரியில சொல்லிட்டுத் தாண்டிப் போயிட்டீங்களே! அது கானல் இல்லை தம்பி. மலை பெருசாத் தெரிய ஆரம்பிச்சிருக்கு. படிப்பையும் முயற்சியையும் விடாதீங்க, விளக்கையும் விடாதீங்க.

மத்தவங்களுக்கும் சொல்றேன். லைக்ஸ் 100 வந்தா மனசு 1000 கேக்கும். 1000 வந்தா இன்னும் தள்ளி நிக்கும். வர்ற செவ்வாய்க்கிழமை விளக்கேத்தினதும் ஒரு நிமிஷம் கேளுங்க: "நான் எதுக்குப் பின்னாடி ஓடுறேனோ, அது கிட்டப் போகப் போக விலகுதா, வளருதா?" வர்ற பதிலை முருகன்கிட்டயே சொல்லிடுங்க.

கழுகுமலைக் கந்தனுக்கு அரோகரா!
வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!