ஏகாம்பரத்து மாமரம்

திருப்பதியில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குக் காஞ்சிபுரம் தொலைவான ஊர் அன்று. காலையில் பேருந்து ஏறினால் திருத்தணி வழியாக நண்பகலுக்குள் ஏகாம்பரநாதர் திருக்கோயிலை அடைந்துவிடலாம். சென்ற கோடை விடுமுறையில் குடும்பத்துடன் அங்ஙனமே சென்றிருந்தோம்.

ஒற்றை மாமரம் எனப் பொருள்படும் 'ஏக ஆம்ரம்' என்பதே இறைவன் திருப்பெயராயிற்று என்பர். அம்மரம் 3500 ஆண்டுப் பழமையுடையது என்றும், அதன் நான்கு கிளைகள் நான்கு சுவைக் கனிகளைத் தந்தன என்றும் கோயில் மரபு கூறும். ஆண்டுக் கணக்கில் நமக்கு வழக்கில்லை. பட்டுப்போன அம்மரத்தின் அடிப்பகுதி இன்று கண்ணாடிப் பேழைக்குள் இருக்கிறது. மேடையில் நிற்பது அதன் வழிவந்த இளமரம்.

எம் அன்னையார் கைகூப்பி அவ்விளமரத்தை வலம் வந்தார். எட்டாம் வகுப்பில் பயிலும் எம் மகள், "பாட்டி, பழைய மரந்தான் பட்டுப்போயிற்றே! இது வேறு மரமல்லவா?" என்றாள். அன்னையார் விடை கூறாமல் இரண்டாம் சுற்றைத் தொடங்கினார். விடை கூறும் கடமை எம்மேல் விழுந்தது.

இருபது ஆண்டுகளாக மத்திய அரசின் கோப்புகளோடு பழகிய நமக்கு அசல், நகல் என்னும் இரண்டே வகைகள் தெரியும். நகலுக்குச் சான்றொப்பம் வேண்டும். மரத்திற்கு எவர் ஒப்பமிடுவது?

இங்கிலாந்தில் செல்போர்ன் என்னும் சிற்றூர்த் தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் மிகப் பழைய யூ மரம் ஒன்று நின்றது. கில்பர்ட் வைட் 1789-இல் வெளியிட்ட இயற்கை வரலாற்று நூலால் புகழ்பெற்ற ஊர் அது. 1990 சனவரிப் புயலில் அம்மரம் சாய்ந்தது. அதை நிமிர்த்தி மீண்டும் நட்டனர், பிழைக்கவில்லை. பின்னர் அதன் கிளைத்துண்டிலிருந்து வளர்த்த கன்றை அங்கேயே நட்டனர். சமயம் வேறு, மண் வேறு, மனம் ஒன்றே.

சித்தூர்ப் பகுதியினர்க்கு இதில் வியப்பில்லை. நம் கிளிமூக்கு மாந்தோப்புகளைப் பாருங்கள். கொட்டையை நட்டால் தாயின் சுவை பெரும்பாலும் வாராது. ஆகவே நாட்டு மாங்கன்றின்மேல் தாய்மரத்தின் இளங்கொம்பை ஒட்டுகின்றனர். வேர் ஒன்றினுடையது, கனி மற்றொன்றினுடையது. அவ்வாறு பார்த்தால் அத்தோப்புகளில் நிற்பவை யாவும் என்றோ வாழ்ந்த ஒரே மரத்தின் கிளைகள்தாம்.

இதனை மகளுக்கு விளக்கினோம். "அப்படியானால் ஒட்டுமரத்தில் எந்தப் பாதி உண்மையான மரம், அப்பா?" என்றாள்.

திகைத்து நின்றோம். தமிழைத் தெலுங்கின் ஓசையில் பேசுகிறாள் என்று அவளைக் கடிந்துகொண்ட நாள்கள் பல. தமிழ் எழுத்துகளை இன்னும் கூட்டிக்கூட்டியே படிக்கிறாள். பேழைக்குள் இருக்கும் அடிமரத்தைக் காட்டி, 'இதைப்போல் இரு' என்றே இத்தனை நாளும் சொல்லிவந்தோமோ? வேருக்கு இடந்தந்த மண்ணை இகழ்வது நன்றிகேடு. ஆனால், சுவை மாறினால் மாறட்டும் என்று வாளா இருக்கவும் மனம் ஒப்பவில்லை.

மூன்றாம் சுற்றை முடித்து வந்த அன்னையார் பேத்தியின் நெற்றியில் திருநீறு பூசினார். கோயில் அறிவிப்புப் பலகையொன்றை அவள் எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படிக்க, இம்முறை திருத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தோம். மாலையில் திரும்புகையில் நகரி எல்லையைத் தாண்டியதும் கடைப்பலகைகள் தெலுங்குக்கு மாறின. சன்னலோரம் அமர்ந்து அவற்றை அவள் விரைவாகப் படித்துக்கொண்டே வந்தாள். பாட்டி ஒவ்வொன்றுக்கும் தமிழில் பொருள் கேட்டுக்கொண்டு வந்தார்.