1810-இல் பதித்த கல்

எருசலேமின் திருக்கல்லறைக் கோவிலில், வாசலைத் தாண்டியதும் எதிரே கிடக்கிறது அந்தக் கல். செம்மை படர்ந்த சுண்ணாம்புக்கல் பலகை. முழங்கால் உயரம்கூட இல்லை. மேலே வரிசையாக விளக்குகள். சிலுவையிலிருந்து இறக்கிய இயேசுவின் உடலை, வெள்ளைப்போளமும் சந்தனத்தூளும் இட்டுத் துணியில் சுற்றிய இடம் என்று அதைப் போற்றுகிறார்கள். குடும்பத்தோடு வரும் திருப்பயணிகளின் எருசலேம் நாள் பெரும்பாலும் சிங்க வாயிலருகே காலையில் தொடங்கும். சந்துகள் வழியே சிலுவைப் பாதை. பதினான்கு நிலைகளில் கடைசி ஐந்தும் இக்கோவிலுக்குள். பிறகு மேற்குச் சுவர், ஒலிவ மலை, கெத்சமனி என்று பேருந்து நகர்ந்துகொண்டே இருக்கும். பார்த்த இடங்கள் பல இருந்தாலும், அந்த நாளில் மறக்க முடியாமல் நிற்பது ஒரு கை.

தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து மகன், மருமகள், பேரனோடு வந்த ஒரு மூதாட்டியின் கை அது. ஊரில் படுத்த படுக்கையாக இருக்கும் கணவரின் கைக்குட்டையை எடுத்து, முழந்தாளிட்டு, கல்மேல் யாரோ ஊற்றிவிட்டுப் போன நறுமண எண்ணெயில் ஒற்றித் தேய்த்துக்கொண்டிருந்தார். கைப்பேசியில் படித்துக்கொண்டிருந்த பேரன் சொன்னான்: “பாட்டி, இது 1810ல போட்ட கல்லாம்.” கை நின்றது. இரண்டு மூச்சு நேரம் இருக்கும். பிறகு மறுபடியும் தேய்க்கத் தொடங்கியது, முன்னைவிட மெதுவாக.

பையன் சொன்னது சரிதான். கான்ஸ்டன்டைன் காலத்தில் எழுந்து 335-இல் நேர்ந்தளிக்கப்பட்ட கோவிலை 1009-இல் கலீபா அல்-ஹாக்கிம் இடிக்கச் செய்தார். சிலுவைப்போர்க்காரர்கள் எடுத்துக் கட்டிய கோவில் 1808-இல் தீப்பிடித்தது. அதன்பின் நடந்த திருப்பணியில் பதித்ததே இன்றைய பலகை. அப்படியென்றால் கைக்குட்டையில் ஏறியது என்ன?

இந்தக் கேள்விக்கு வயது அதிகம். சுமார் 570-இல் இத்தாலியின் பியாசென்சாவிலிருந்து வந்த ஒரு பயணியின் குறிப்பு இருக்கிறது. கல்லறைக்குள் வெளியிலிருந்து மண்ணைக் கொண்டுவந்து போடுவார்களாம். உள்ளே வருகிறவர்கள் அதை ஆசீராக அள்ளிச் செல்வார்களாம். எடுத்தவர்களுக்கு அது வெளிமண் என்று தெரிந்தே இருக்க வேண்டும். அதே பயணி, கானாவூரில் இயேசு விருந்துக்கு அமர்ந்ததாகக் காட்டிய இருக்கையில் தன் பெற்றோரின் பெயர்களை எழுதிவைத்தார். பயணக் குறிப்பில் இதைவிட மனத்தைத் தொடும் வரி அரிது. கூட வர முடியாத இருவரைப் பெயராகவேனும் அங்கே உட்காரவைத்துவிட்டுப் போயிருக்கிறார். கைக்குட்டையும் அந்த வேலையைத்தான் செய்கிறது. படுக்கையில் இருப்பவரின் வேர்வையைத் துடைத்த துணி அது; கல்லிலிருந்து எதையாவது எடுத்துப்போவதற்கு முன்பே அவரை அங்கே கொண்டுவந்து சேர்த்துவிட்டது.

ஆனால் பொருளின் மெய்மை ஒரு பொருட்டே அல்ல என்று சொல்லிவிடவும் முடியாது. தூத்துக்குடிப் பக்கத்து மணப்பாட்டில் கடலோர மணல்மேட்டின் மேலிருக்கும் கோவிலில், மெய்யான சிலுவையின் துண்டு என்று ஒரு திருப்பண்டத்தை வணங்குகிறார்கள். செப்டம்பர்த் திருவிழாவுக்குத் தகப்பன் தோளில் ஏறிப்போகும் கடற்கரைப் பிள்ளைகள், ‘மெய்யான’ என்ற சொல்லை அந்த வயதிலேயே கேட்டு வளர்கிறார்கள். அது வெறும் மரத்துண்டு என்று அவர்களிடம் யாராவது சொல்லியிருந்தால் முத்தி செய்யக் குனிந்திருப்பார்களா? நான்காம் நூற்றாண்டின் இறுதியில் எருசலேமுக்கு வந்த எகேரியா என்ற பெண், பெரிய வெள்ளியன்று சிலுவை மரத்தைத் திருத்தொண்டர்கள் சுற்றிநின்று காத்ததை எழுதியிருக்கிறார். முன்பொருவர் முத்தமிடுவதுபோல் குனிந்து ஒரு துண்டைக் கடித்து எடுத்துப்போய்விட்டாராம். அதனால் நெற்றியாலும் கண்ணாலும் தொடலாம், முத்தமிடலாம், கையால் தொடக்கூடாது. பல்லால் கடித்தவருக்கு அந்த மரமேதான் வேண்டியிருந்தது. பக்கத்திலிருந்த வேறு மரம் போதாது. அந்தப் பசியைக் குறைவான பக்தி என்று தள்ளுவது நியாயமல்ல.

மூதாட்டியின் கை மணப்பாட்டுக்காரருக்கும் கடித்தவருக்கும் நெருக்கமா, பியாசென்சாக்காரருக்கு நெருக்கமா? நின்ற இரண்டு மூச்சில் ஏதோ ஒன்று உடைந்திருக்கலாம். மெதுவாகத் தேய்த்தது அந்த உடைவுக்குப் பிறகு எஞ்சிய பழக்கமாக இருக்கலாம். இல்லை, கல்லை விட்டுவிட்டுக் கணவரை மட்டும் நினைத்துத் தேய்த்ததால் வந்த நிதானமாகவும் இருக்கலாம். பேரன் கூப்பிட்டான் என்பதற்காக மட்டுமே நின்றிருந்தாலும் வியப்பதற்கில்லை. பாட்டிமார் அப்படித்தான் நிற்பார்கள். எது என்று துணிய வழியில்லை. கைக்குட்டையை நான்காக மடித்து, ஒரு பிளாஸ்டிக் உறையிலிட்டு, பேரனிடமே கொடுத்துப் பத்திரமாக வைக்கச் சொன்னார். அவன் அதைக் கடவுச்சீட்டு இருந்த பைக்குள் வைத்தான்.