துக்கத்துக்கு நோக்கம் சொல்லும் உரிமை யாருக்கு?

பட்டாசு ஆலை வெடிவிபத்தில் கணவனையோ மகளையோ இழந்த ஒரு பெண்ணிடம், அடக்க ஆராதனை முடிந்த வாரத்திலேயே, "கர்த்தர் இதிலும் ஒரு நோக்கம் வைத்திருக்கிறார்" என்று சொல்வது சரியா? சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்துச் சபைகளில் இந்தச் சொற்கள் புதியவை அல்ல. சொல்கிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள் ஐக்கிய சங்கத்தைச் சேர்ந்தவர்கள். துக்க வீட்டுக்கு முதலில் வருகிறவர்களும் அவர்களே. சோறு பொங்கிக் கொண்டு வருகிறார்கள், பிள்ளைகளைக் குளிப்பாட்டிவிடுகிறார்கள், இரவெல்லாம் கூட உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுடைய அன்பில் குறை காண யாருக்கும் தகுதி இல்லை. அந்த அன்போடு சேர்ந்து வரும் இந்தச் சொல்லைத்தான் நிறுத்தி யோசிக்க வேண்டியிருக்கிறது.

இந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு பெரிய வரலாறு உண்டு என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். திருநெல்வேலிச் சபையின் தொடக்கமே ஒரு விதவையின் பெயரில்தான் இருக்கிறது. தஞ்சாவூர்ப் பக்கத்து மராட்டியப் பிராமணப் பெண்ணான கோகிலா கணவனை இழந்தார். பிறகு ஆங்கிலப் படை அதிகாரி ஒருவரின் பாதுகாப்பில் பாளையங்கோட்டைக்கு வந்தார். அந்த அதிகாரியும் இறந்தபின் 1778-இல் மிஷனெரி ஸ்வார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்றுக் குளோரிந்தா ஆனார். 1780-இல் எழுதப்பட்ட நாற்பது பேர் கொண்ட சபைப் பட்டியலில் முதல் பெயர் அவருடையது. 1785-இல் அவர் முயற்சியில் எழுந்த ஆலயத்தை ஊர்மக்கள் பாப்பாத்தியம்மாள் கோவில் என்றே அழைத்தார்கள். இருமுறை துணையை இழந்தவர், சாதிக் கட்டுப்பாடும் ஊர்ப்பேச்சும் தன்னை நெருக்கிய காலத்தில், பிறருக்காக ஓர் இடத்தைக் கட்டினார்.

அவரைவிடவும் இந்தக் கேள்விக்கு நெருக்கமானவர் பொன்னம்மாள். இளம் வயதில் விதவையாகி, மாமனார் வீட்டுக் கட்டுப்பாட்டுக்குள் நாட்களைக் கழித்தவர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மிஷனெரி ஏமி கார்மைக்கேலுடன் ஊர் ஊராகப் போன பெண்கள் குழுவில் சேர்ந்தார். டோனாவூரில் கைவிடப்பட்ட குழந்தைகள் வந்து சேரத் தொடங்கியபோது, நெய்யூரில் கைக்குழந்தைகளுக்கான விடுதியை நடத்தும் பொறுப்பு அவர் தோளில் விழுந்தது. தாய்ப்பால் இல்லாத சிசுக்களைப் பிழைக்க வைப்பது அன்று எவ்வளவு கடினம் என்பதை நினைத்தால், அவர் செய்த வேலையின் அளவு புரியும். 1915-இல் புற்றுநோயால் இறந்தார். விதவைக்கோலம் மட்டுமே தன் வாழ்வு என்று ஊர் தீர்மானித்திருந்த ஒரு தமிழ்ப் பெண், நூற்றுக்கணக்கான குழந்தைகள் வளர்ந்த ஒரு வீட்டின் தூண்களில் ஒருவரானார். அன்றைய மிஷன்களில் வேதாகமப் பெண்களாக வேலை செய்தவர்களில் பலர் விதவைகள். எழுத்து, சிறு சம்பளம், வாசலைத் தாண்டி நடக்கும் உரிமை ஆகிய மூன்றையும் ஊழியம் அவர்களுக்குக் கொடுத்தது. வேறு வழியில் அன்று அவை எளிதில் கிடைத்திருக்காது.

அண்மைக் காலத்தில் உலகம் அறிந்த பெயர் கிளாடிஸ் ஸ்டெயின்ஸ். 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில், வண்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்த கணவர் கிரகாமையும் இரண்டு மகன்களையும் ஒரு கும்பல் எரித்துக் கொன்றது. அவர் மன்னித்தேன் என்று சொன்னார். மகளுடன் பாரிபதாவிலேயே தங்கித் தொழுநோயாளர் இல்லத்தைத் தொடர்ந்து நடத்தினார். 2005-இல் அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. தமிழ்நாட்டுச் சபைகளில் அவர் பெயர் சொல்லப்படாத ஆறுதல் பிரசங்கம் குறைவு.

இந்த மூன்று வாழ்க்கைகளையும் சற்று உற்றுப் பார்த்தால், பிரசங்கங்களில் விடுபடும் சில செய்திகள் தெரிகின்றன. அவர்களில் யாருக்கும் பிறர் வந்து நோக்கத்தைக் கையில் கொடுக்கவில்லை. குளோரிந்தாவுக்கு ஸ்வார்ட்ஸ் முதலில் ஞானஸ்நானம் கொடுக்கவே மறுத்தார். பொன்னம்மாளின் குடும்பம் அவர் வெளியே போவதை விரும்பவில்லை. அவர்கள் தாங்களாகவே நடந்தார்கள், எதிர்ப்பையும் மீறி நடந்தார்கள். கிளாடிஸைப் பொறுத்தவரை, அந்தத் தொழுநோயாளர் இல்லம் அவருக்குத் துக்கத்தால் கிடைத்ததல்ல. தீ வைக்கப்பட்ட இரவுக்கு ஆண்டுகள் பல முன்பே அவர் அங்கே வேலை செய்துகொண்டிருந்தார். உடைந்துபோன வாழ்வில் அவர் பிடித்துக்கொண்டது ஏற்கனவே கையில் இருந்த வேலையை. கணவரும் பிள்ளைகளும் எரிந்ததற்கு இதுதான் காரணம், இந்த வேலை நடக்கத்தான் அது நடந்தது என்று அவர் கணக்குப் போட்டதாகக் கொள்ள இடமே இல்லை. சாவிலிருந்து நன்மை பிறக்கலாம் என்பது வேறு. நன்மை பிறப்பதற்காகவே சாவு நிகழ்ந்தது என்பது வேறு. முதலாவது விசுவாசம். இரண்டாவது, ஒரு தாயின் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தகாத சொல்.

பட்டாசு வட்டாரத்தில் இந்த வேறுபாடு இன்னும் கூர்மையாகிறது. இங்கே சாவு காரணம் தெரியாமல் வருவதில்லை. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் ஒரு பட்டாசு ஆலை வெடித்தது. உதவிக்கு ஓடிவந்த ஊர்மக்களும் அடுத்த வெடிப்பில் சிக்கினார்கள். ஏறத்தாழ நாற்பது உயிர்கள் போயின. 2021 பிப்ரவரியில் அச்சன்குளம், 2023 அக்டோபரில் ரெங்கபாளையம், 2024 மே மாதம் செங்கமலப்பட்டி, 2025 ஜூலையில் சின்னக்காமன்பட்டி. ஊர்ப் பெயர் மாறுகிறதே ஒழிய விசாரணையில் வெளிவரும் செய்திகள் பெரிதாக மாறுவதில்லை. ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதிக்கு மாறாகக் கூட்டமாக உட்கார வைத்தது, உரிமம் பெற்றவர் ஆலையை உள்குத்தகைக்கு விட்டது, மருந்துக் கலவையில் உராய்வு, தீபாவளி ஆர்டரை முடிக்கும் அவசரம். மருந்து செலுத்தும் கைகளும் திரி வைக்கும் கைகளும் பெரும்பாலும் பெண்களுடையவை. அட்வான்ஸ் வாங்கியிருப்பதால் பயமிருந்தும் வேலைக்குப் போகிறவர்கள் உண்டு. இப்படிப்பட்ட சாவை "கர்த்தர் எடுத்துக்கொண்டார்" என்று சொல்லும்போது, எடுத்துக்கொள்ள விட்ட மனிதர்கள் எல்லாரும் ஒரே சொல்லில் தப்பிவிடுகிறார்கள். உரிமத்தை உள்குத்தகைக்கு விட்டவர், ஆய்வுக்கு வராத அதிகாரி, மலிவான சரக்கைக் கேட்ட வியாபாரி என யாரும் அந்த வாக்கியத்தில் இல்லை.

வேதாகமத்தில் ஒரு கட்டட விபத்து உண்டு. சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் மாண்டார்கள். அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகளோ என்ற எண்ணத்தை இயேசு நேராக மறுத்தார் என்று லூக்கா எழுதுகிறார். அந்தப் பதினெட்டுப் பேரின் சாவுக்கு ஒரு நோக்கத்தையும் அவர் சொல்லவில்லை. உயிரோடிருந்து கேட்டவர்களைப் பார்த்து, நீங்கள் மனந்திரும்புங்கள் என்றார். சிவகாசியில் அந்த வார்த்தை யாரை நோக்கிப் பேசப்பட வேண்டும் என்பதைப் பிரசங்க பீடத்தில் நிற்பவர்கள் சிந்திக்க வேண்டும். துக்க வீட்டு முற்றத்தில் உட்கார்ந்திருக்கும் பெண்ணை நோக்கி நிச்சயமாக இல்லை.

மன்னிப்பைப் பற்றியும் ஒரு தெளிவு வேண்டும். கிளாடிஸ் மன்னித்தார். அதனால் வழக்கு கைவிடப்படவில்லை. விசாரணை நடந்தது, தண்டனை வந்தது, 2011 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் முதன்மைக் குற்றவாளியின் ஆயுள் தண்டனையை உறுதிசெய்தது. மன்னிப்பு அவருடைய உள்ளத்தின் செயல், தண்டனை அரசின் கடமை. இந்த இரண்டும் ஒன்றையொன்று அழிப்பதில்லை. ஆலை முதலாளி சபைக்குக் காணிக்கை கொடுப்பவராக இருந்தாலும், இழப்பீடு கேட்கும் விதவையிடம் "விட்டுக்கொடும்மா" என்று சொல்லச் சபைக்கு அதிகாரம் இல்லை.

இதற்கு எதிர்வாதம் வலுவானது, அதைத் தள்ளிவிட முடியாது. நோக்கம் என்ற சொல்லையும் பறித்துவிட்டால் அந்தப் பெண்ணிடம் மிஞ்சுவது என்ன? நிவாரணத் தொகை செலவாகிவிடும். உறவுகள் மூன்று மாதத்தில் குறைந்துவிடும். சாவு வெறும் சாவு, அதற்கு மேல் ஒன்றுமில்லை என்று சொல்லப்பட்டவள் எதைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பாள்? சபையின் பெண்கள் கூட்டத்தில் ஜெபிக்கத் தொடங்கி, தன்னைப் போன்ற இன்னொரு வீட்டுக்குப் போய் உட்கார்ந்து, அதிலேயே பிழைத்து எழுந்த பெண்கள் உண்மையிலேயே இருக்கிறார்கள். அவர்களிடம் போய் உங்கள் நோக்கம் மாயை என்று சொல்வதும் கொடுமைதான். இந்த வாதத்தின் முதல் பாதியை ஏற்க வேண்டும். துக்கப்படுகிறவள் தானாக, தன் நேரத்தில், தன் வாயால் "இதற்காகத்தான் நான் இன்னும் இருக்கிறேன்" என்று சொன்னால், அதைக் கேட்டுத் தலைவணங்க வேண்டும். அவளுக்காக அதை வேறொருவர் முன்கூட்டிச் சொல்வதற்கு அந்த வாதம் இடம் கொடுக்கவில்லை. ஆண்டவர் தந்த நோக்கமாக இருந்தால் அதை அவளிடமே சொல்ல அவருக்குத் தெரியும்.

அப்படியிருக்க, ஆறு மாதம்கூட ஆகாத விதவையைக் கன்வென்ஷன் மேடையில் ஏற்றி மைக்கைக் கையில் கொடுத்துச் சாட்சி சொல்ல வைக்கும் வழக்கம் எதற்கு? கூட்டம் அழுகிறது, காணிக்கைப் பை நிறைகிறது. அவள் வீட்டுக்குத் திரும்பியபின் என்ன ஆகிறது என்பதைக் கூட்டம் பார்ப்பதில்லை. மேடையில் ஜெயித்தவளாக அறிவிக்கப்பட்டவள் அடுத்த மாதம் உடைந்து அழுதால், விசுவாசத்தில் குறைந்துவிட்டாள் என்ற பேச்சு எழுகிறது. துக்கத்துக்கு மேல் அந்தப் பாரத்தையும் அவள் சுமக்கிறாள். இந்த வழக்கம் நிற்க வேண்டும்.

ஊழியத்தின் இன்னொரு வாசலிலும் இதே எச்சரிக்கை தேவை. பட்டாசு விபத்தில் இறப்பவர்களில் மிகப் பலர் இந்துக் குடும்பத்தினர். அந்த வீடுகளுக்குச் சபைப் பெண்கள் போக வேண்டுமா? போக வேண்டும், தயங்காமல் போக வேண்டும். ஆனால் கொண்டுபோகும் அரிசிக்கும் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கும் ஆராதனைக்கு வருவது விலையாகிவிடக் கூடாது. பலவீனமான வேளையில் இருப்பவரிடம் விசுவாசத்தைப் பேரம் பேசுவது சுவிசேஷத்துக்கே இழுக்கு. இந்த மண்ணில் 1854 முதல் கூடாரம் அடித்து ஊர் ஊராகச் சுற்றி, 1858-இல் சிவகாசியிலேயே உயிர்விட்ட மிஷனெரி ராக்லாந்து கேம்பிரிட்ஜ் வாழ்க்கையை விட்டு வந்தவர். எளியவர்களோடு தங்கியிருப்பது என்ன என்பதைத் தன் உடலால் காட்டியவர். அந்த மரபைச் சொந்தம் கொண்டாடுகிறவர்கள் ஒரு பை அரிசியோடு நிபந்தனையையும் தூக்கிக்கொண்டு போகக் கூடாது.

அப்படியானால் சபைப் பெண்கள் என்னதான் செய்வது? அப்போஸ்தலர் காலத்து எருசலேமில் கிரேக்கரின் விதவைகள் அன்றாட விசாரிப்பில் விடுபட்டதாக முறுமுறுப்பு எழுந்தது. யாரும் அவர்களிடம் பொறுமையாயிருங்கள் என்று உபதேசிக்கவில்லை. ஏழு பேரைப் பெயர் சொல்லி நியமித்தார்கள். இங்கே தேவைப்படுவதும் அதுதான், அதற்கு ஆள்பலம் பெண்கள் சங்கங்களிடம் இருக்கிறது. விபத்தில் இறந்தவரின் பெயர் ஆலையின் வருகைப் பதிவேட்டில் இருந்ததா என்பதே பல வீடுகளில் சிக்கலாகிறது. தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டப்படி இரண்டு ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், முதல் தகவல் அறிக்கை, உடற்கூறாய்வு அறிக்கை என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் அலுவலகம், ஒரு நாள் கூலி இழப்பு. பட்டாசு விபத்தில் இறந்த தொழிலாளர்களின் பிள்ளைகளுடைய கல்விச் செலவை அரசே ஏற்கும் என்று 2024 நவம்பரில் விருதுநகரில் முதலமைச்சர் அறிவித்தார். முதல் கட்டமாக 5 கோடி ரூபாய் ஒதுக்கப்படும் என்றார். அந்தப் பணம் ஒரு குறிப்பிட்ட பிள்ளையின் கட்டணமாக மாற, யாராவது அந்தத் தாயுடன் ஆட்சியர் அலுவலகத்தில் வரிசையில் நிற்க வேண்டும். விருதுநகர் பிடியரிசி சேர்த்துப் பள்ளி நடத்திய ஊர். வீட்டுக்கு வீடு ஒரு பிடி அரிசி எடுத்து வைத்த பழக்கத்தில் எழுந்த பள்ளியில்தான் காமராஜர் படித்தார். அதைச் செய்த மண்ணுக்கு இது பெரிய வேலை அல்ல.

சாமுவேலின் இரண்டாம் புத்தகத்தில் ரிஸ்பாள் என்றொரு தாய் வருகிறாள். கொல்லப்பட்ட தன் பிள்ளைகளின் உடல்களைப் பறவையும் மிருகமும் தொடாதபடி, அறுப்புக் காலம் தொடங்கி மழை பெய்யும்வரை பாறையின்மேல் காவல் இருந்தாள். அவள் ஒரு வார்த்தையும் பேசியதாக எழுதப்படவில்லை. அவள் செய்தது தாவீதுக்கு அறிவிக்கப்பட்டது, ராஜா எழுந்து செய்ய வேண்டியதைச் செய்தான். நம் பிரசங்கங்களில் அவள் பெயர் அரிதாகவே கேட்கிறது. விருதுநகர் மாவட்டத்தில் அவளைப் பற்றி அடிக்கடி பேச வேண்டும்.

சிவகாசி, சாத்தூர் வட்டாரத்துப் பெண்கள் சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். விபத்தில் ஆள் இழந்த வீடுகளை, மதம் பாராமல், ஒரு நோட்டில் எழுதுங்கள். இழப்பீட்டு மனு எந்த நிலையில் இருக்கிறது, எந்தப் பிள்ளை எந்த வகுப்பில் படிக்கிறது, அந்த வீட்டுப் பெண் மறுபடியும் அதே மருந்து ரூமுக்கு வேலைக்குப் போகிறாளா என்று மாதம் ஒருமுறை குறித்து வாருங்கள். இரண்டு ஆண்டு முடியும்வரை அந்த நோட்டை மூடாதீர்கள். அதுவரை நோக்கத்தைப் பற்றி அவளிடம் யாரும் பேச வேண்டாம்.