ஏன் இப்போது?

சம்பள உயர்வுக் கடிதங்கள் பெரும்பாலும் ஏப்ரல், மே மாதங்களில் கைக்கு வரும். ஐ.ஐ.எம்.களில் சேர்வதற்கான கேட் தேர்வுக்கு ஆகஸ்டில் பதிவு தொடங்கும். நான் பார்த்தவரை, எம்.பி.ஏ. படிப்பது என்ற முடிவைப் பலர் இந்த இடைவெளியில்தான் எடுக்கிறார்கள். எதிர்பார்த்த டீம் லீட் பொறுப்பு வேறொருவருக்குப் போயிருக்கும். மேலாளர் சொன்ன ஒரு சொல் உள்ளே கிடந்து உறுத்திக்கொண்டிருக்கும். அந்த வாரத்திலேயே பயிற்சி மையத்துக்குப் பணம் கட்டிவிடுவார்கள்.

அந்தக் கோபம் நியாயமாகவே இருக்கலாம். ஆனால் இரண்டு வருட வாழ்க்கையையும், முன்னணிக் கல்லூரி என்றால் இருபது லட்சத்தைத் தாண்டும் கட்டணத்தையும் அதன் கையில் ஒப்படைக்கக் கூடாது என்று உறுதியாக நம்புகிறேன். நவம்பர் கடைசியில் தேர்வு, பிப்ரவரி வாக்கில் நேர்காணல்கள், ஜூனில் வகுப்பு. அதற்குள் அந்த மேலாளரே வேறு கம்பெனிக்குப் போயிருப்பார். நேர்காணல் அறையில் “ஏன் எம்.பி.ஏ.?” என்று கேட்டால் எல்லோரும் ஏதாவது சொல்லிவிடுவார்கள். “சரி, ஏன் இப்போது?” என்று அடுத்துக் கேட்கும்போதுதான் பலருக்கு வார்த்தை வராது.

எனக்கு அந்தப் பதில் கோயம்புத்தூரில் கிடைத்தது. பம்ப் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தில் பொறியாளராக இருந்தேன். புகார்களைப் பார்ப்பதற்காக தாராபுரம், உடுமலை, கோபி என்று டீலர் கடைகளுக்குப் போவேன். கிணறுகளில் தண்ணீர் கீழே இறங்கும் கோடைதான் விற்பனைக் காலம். எங்கள் பம்ப் குறைந்த மின்சாரத்தில் அதிகத் தண்ணீர் இறைக்கும்; அதைப் பெருமையோடு விளக்குவேன். டீலர்கள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அதெல்லாம் சரிங்க மேடம், எத்தனை நாள் கடன் தருவீங்க?” என்பார்கள். போட்டி நிறுவனம் தொண்ணூறு நாள் தந்தது. எங்களால் முடியவில்லை. எங்களுக்கு வார்ப்பு செய்து தரும் சிறு பட்டறைகளுக்கு 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும்; 2006ஆம் ஆண்டின் சிறுதொழில் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. நல்ல பம்ப் குடோனில் தூங்கியது, சுமாரான பம்ப் வயலுக்குப் போனது. கணக்குப் பிரிவில் இருந்த பெரியவர் ஒருவர் பேலன்ஸ் ஷீட்டை விரித்து விளக்கினார். பாதிதான் புரிந்தது. மீதிப் பாதி புரியாமல் இனி அந்த வேலையைச் செய்ய முடியாது என்று தோன்றியபோது விண்ணப்பம் போட்டேன்.

வகுப்பில் நடைமுறை மூலதனம் பற்றிய பாடம் வந்தபோது, தாராபுரத்துக் கடைக்காரர் கேட்ட கேள்விக்கு விடை தேடித்தான் ஒவ்வொரு வரியையும் படித்தேன். அகமதாபாத் ஐ.ஐ.எம். 1961இல் ஹார்வர்டின் துணையோடு தொடங்கப்பட்டது; உண்மையான ஒரு நிறுவனத்தின் சிக்கலை நடுவில் வைத்து மாணவர்களையே வாதாட விடும் கேஸ் முறை அங்கே இன்றுவரை தொடர்கிறது. அப்படிப்பட்ட வகுப்பில் பாடத்தின் பெரும்பகுதி பக்கத்து இருக்கையிலிருந்துதான் வரும். சொல்ல ஒன்றும் இல்லாமல் போய் உட்கார்ந்தால் இழப்பு நமக்கு மட்டும் இல்லை.

அதனால் யார் கேட்டாலும், “இரண்டு மூன்று வருஷம் வேலை பார்த்துவிட்டுப் போ” என்றே சொல்லி வந்தேன். முப்பதை நெருங்கிவிட்டால் வழி அடைபட்டுவிடும் என்று பயப்படத் தேவையில்லை. கேட் எழுத உச்ச வயது வரம்பு கிடையாது. அகமதாபாத்திலேயே, குறைந்தது நான்கு வருட அனுபவம் உள்ளவர்களுக்கென்று ஒரு வருடப் படிப்பு இருக்கிறது.

அக்கா மகளிடமும் இதையே சொன்னேன். சேலத்தில் பொறியியல் கடைசி வருடம் படிக்கிறாள். அப்பா லாரி உதிரிபாகக் கடை வைத்திருக்கிறார், தம்பி பிளஸ் ஒன்.

“சித்தி, சம்பளம் வர ஆரம்பிச்சா அது வீட்டுக் கணக்குல சேர்ந்துடும். தம்பி காலேஜ் ஃபீஸ், வீட்டு லோன்னு அதுக்குன்னு செலவு வந்துடும். அப்புறம் எப்படி வேலையை விடறது? அதுக்குள்ள கல்யாணப் பேச்சும் வந்துடும்.”

இதற்கு என்ன பதில் சொல்வது? வேலையை விட்டுவிட்டுப் படிக்கப் போக என்னால் முடிந்ததென்றால், என் சம்பளத்தை நம்பி வீட்டில் யாரும் இல்லை என்பதும் அதற்குக் காரணம். கையில் வரும் பணத்தை நிறுத்துவதைவிட, வராத பணத்தைத் தள்ளிப்போடுவது ஒரு குடும்பத்துக்கு எளிது. கல்விக் கடனை, படிப்பு முடிந்து சில மாதங்கள் கழித்துத்தான் திருப்பிக் கட்டத் தொடங்க வேண்டும். அதுவரை வீட்டில் யார் தலையிலும் தவணை விழாது. அவள் கணக்கு சரியானது.

“உனக்கு அங்கே போய் என்ன தெரிஞ்சுக்கணும்?” என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தாள். ஒன்பதாம் வகுப்பிலிருந்து அப்பாவின் கடன் நோட்டை எழுதுவது அவள்தானாம். வருடா வருடம் வியாபாரம் கூடுகிறது, ஆனால் தீபாவளிக்குச் சரக்கு எடுக்கக் கையில் பணம் இருப்பதில்லை. அது ஏன் என்று தெரிய வேண்டும் என்றாள். நான் வேலையில் சேர்ந்து சில வருடம் கழித்துக் கேட்ட அதே கேள்வி. அவளுக்கு அது பள்ளிக்கூடத்திலேயே வந்துவிட்டது.

இந்த ஆகஸ்டில் பதிவு செய்யப்போகிறாள். கிடைக்காவிட்டால் வளாகத் தேர்வில் வந்த வேலையில் சேர்ந்துகொள்வாள். பணி அனுபவம் கேட்கும் கட்டத்தில் பூஜ்யம் என்றுதான் போட வேண்டியிருக்கும். நேர்காணல்வரை போனால், அந்த நோட்டிலிருந்தே பேச்சைத் தொடங்கச் சொல்லியிருக்கிறேன்.