வழித்துணையாகும் விரதம்

ஆண்டுதோறும் ஆடி, ஆவணி மாதங்களில் ஆசிரமத்திற்கு வரும் பெற்றோருள் சிலர், கையில் இனிப்புடனும் கண்ணில் கலக்கத்துடனும் வருவார்கள். மகனோ மகளோ மேற்படிப்புக்காக வெளிநாடு புறப்படும் காலம் அது. சென்ற ஆண்டு அவ்வாறு வந்த ஓர் அன்னை, மகன் சந்நிதியில் வணங்கிக்கொண்டிருந்தபோது தாழ்ந்த குரலில் கேட்டார்: ‘சுவாமிஜி, பாஸ்போர்ட், விசா, வங்கிக் கடன், கம்பளி உடை, ஊறுகாய் வரை எல்லாம் தயார். ஆனால் இவன் இவனாகவே திரும்பி வருவானா? அதற்கு எதைக் கட்டிக் கொடுப்பது?’

இக்கேள்வி புதிதன்று. 1888-ஆம் ஆண்டு ராஜ்கோட்டில் ஒரு தாயின் உள்ளத்திலும் இதுவே எழுந்தது. கணவர் கரம்சந்த் காந்தி 1885-இல் காலமாகியிருந்தார். கடைசி மகன் மோகன்தாஸுக்கு வயது 18. இங்கிலாந்து சென்று பாரிஸ்டர் பட்டம் பெறட்டும் என்று குடும்ப நண்பர் மாவ்ஜி தவே யோசனை கூறினார். மகனுக்கோ மகிழ்ச்சி, அன்னை புத்லிபாய்க்கோ அச்சம். அங்கு செல்லும் இளைஞர்கள் வழிதவறிப் போவார்கள், மதுவும் மாமிசமும் இன்றி அங்கே வாழ இயலாது என்றெல்லாம் அவர் காதில் விழுந்திருந்தது.

அவர் மகனைத் தடுக்கவில்லை. வெறுங்கையுடன் அனுப்பிவிடவும் இல்லை. பேசர்ஜி சுவாமி என்னும் ஜைனத் துறவியிடம் ஆலோசனை கேட்டார். மது, மாமிசம், பெண் தொடர்பு ஆகிய மூன்றையும் தீண்டுவதில்லை என்று அத்துறவியின் முன்னிலையில் மோகன்தாஸ் விரதம் ஏற்றார். அதன்பின்னரே அன்னையின் அனுமதி கிடைத்தது. பம்பாயில் சாதிப் பெரியவர்கள் கூடி அவரைச் சாதியிலிருந்து விலக்கினர். அவருக்கு உதவுவோரும் வழியனுப்பச் செல்வோரும் ஒரு ரூபாய் நான்கணா அபராதம் கட்ட வேண்டும் என்றும் அறிவித்தனர். அவர் கலங்கவில்லை. 1888 செப்டம்பர் 4-ஆம் நாள் கப்பலேறினார்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அன்னை பெற்ற வாக்குறுதிகள் மூன்றே. மூன்றும் தெளிவானவை. ‘நல்லவனாக இரு’ என்பது ஆசி. அதை விரதம் என்று சொல்ல முடியாது. இன்று காத்தேனா, மீறினேனா என்று இரவில் படுக்கும்போது ஐயமின்றிச் சொல்ல முடிவதே விரதம்.

லண்டனில் சோதனை உடனே வந்தது. மாமிசம் உண்ணாவிட்டால் அந்தக் குளிரில் உடல் தாங்காது என்று அன்புள்ள நண்பர் ஒருவர் நாள்தோறும் வாதிட்டார். பெந்தாமின் தத்துவ நூலையே எடுத்துப் படித்துக் காட்டினார். இளைஞரிடம் மறுவாதம் இல்லை. சிறுவயதில், மாமிசம் வலிமை தரும் என்று நம்பி இரகசியமாக உண்டவர் அவர். பெற்றோரிடம் பொய் சொல்ல மனமில்லாமல்தான் அதை விட்டார். ஆகவே அப்போது அவருடைய அறிவுகூட விரதத்தின் பக்கம் இல்லை. வாதத்தில் தோற்றதாக ஒப்புக்கொண்டார். வாக்கை மட்டும் விட மறுத்துவிட்டார்.

புரியாமல் கடைப்பிடிக்கும் விரதம் மூடப்பழக்கம் ஆகாதா என்று படித்த இளைஞர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். கல் வளைவு கட்டும் கொத்தனார் அதன் அடியில் மரச்சாரம் கொடுக்கிறார். வளைவு முழுமை பெற்று இறுகும்வரை அதைத் தாங்குவது சாரமே. பின்னர் வளைவு தானே நிற்கும். விவேகம் கனியும்வரை மனத்தைத் தாங்கும் சாரமே விரதம். பல நாள் அரைவயிற்றுடன் அலைந்த மோகன்தாஸ், ஃபாரிங்டன் தெருவில் ஒரு சைவ உணவகத்தைக் கண்டார். அங்கே ஹென்றி சால்ட் எழுதிய, சைவ உணவை ஆதரிக்கும் நூலை வாங்கிப் படித்தார். அன்றுமுதல் அவர் தம் அறிவின் தேர்வாலேயே சைவர் ஆனார். அன்னைக்குக் கொடுத்த வாக்கு, மகனின் சொந்த உண்மையாக மலர்ந்தது.

எனினும் எல்லாச் சூழ்நிலைகளுக்கும் முன்கூட்டியே விரதம் ஏற்க முடியாது. தைத்திரீய உபநிஷதத்தின் சீக்ஷாவல்லியில், கல்வி முடித்துப் புறப்படும் மாணவனுக்கு ஆசாரியர் வழங்கும் உபதேசம் உள்ளது. நடத்தையில் ஐயம் எழுந்தால், அவ்விடத்தில் உள்ள, சிந்தனைத் தெளிவும் கடுமையற்ற உள்ளமும் அறப்பற்றும் கொண்ட சான்றோர் எவ்வாறு நடக்கிறார்களோ அவ்வாறு நட என்கிறார் அவர். ‘அவ்விடத்தில்’ என்பதைக் கருதுங்கள். சான்றோர் இல்லாத நாடு இல்லை. மோகன்தாஸுக்கு அவ்வாறு துணைநின்றவர்களில் ஆங்கிலேயரும் இருந்தனர். ஆகவே, போகும் நாட்டைப் பகையாக எண்ணிப் போகாதீர்கள். அங்குள்ள நல்லோரைத் தேடிப் போங்கள்.

புறப்படும் இளைஞர்களுக்கு மூன்று வேண்டுகோள்கள். முதலாவது, பெற்றோருடன் அமர்ந்து இரண்டு அல்லது மூன்று விரதங்களைத் தெரிவு செய்யுங்கள். விமானம் ஏறும் நாளுக்குக் காத்திராமல் இன்றே தொடங்குங்கள். இரண்டாவது, கீதையைத் தாய்மொழியில் ஒருமுறையேனும் படித்துவிட்டுச் செல்லுங்கள். லண்டனில் இரு ஆங்கிலேய நண்பர்கள் அதைத் தம்முடன் படிக்க அழைத்தபோது, அதுவரை அதைப் படித்திராத மோகன்தாஸ் நாணினார். மூன்றாவது, பிரார்த்தனைக்குரிய நேரத்தை அந்நாட்டுக் கடிகாரப்படி இப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

பெற்றோருக்கும் ஒரு சொல். கடிதம் வந்து சேர வாரங்கள் ஆன காலத்தில், புத்லிபாய் மகனைக் கண்காணிக்கவில்லை; நம்பினார். இன்று நினைத்தவுடன் பிள்ளையின் முகத்தைத் திரையில் காண்கிறோம். அந்த வசதியை விசாரணைக் கூடம் ஆக்கிவிட வேண்டாம். வாக்குறுதி பெற்றபின் நம்புவது, பெற்றவரின் விரதம்.

1891-இல் மோகன்தாஸ் பாரிஸ்டராகத் திரும்பினார். பம்பாய்த் துறைமுகத்தில் தமையனார் காத்திருந்தார். அன்னையைக் காணும் ஆவலுடன் இறங்கியவருக்கு, அவர் முன்பே மறைந்துவிட்ட செய்திதான் கிடைத்தது. அயல்நாட்டில் துயரம் தாளமாட்டார் என்று அதுவரை மறைத்திருந்தனர். வாக்குப் பெற்றவர் இல்லை. கொடுத்த வாக்கு மட்டும் குறையின்றித் திரும்பி வந்திருந்தது.

சந்நிதியிலிருந்து வெளியே வந்த மகனிடமும் அந்த அன்னையிடமும் இவ்வரலாற்றைச் சொன்னேன். அவன் சற்று நேரம் பேசாமல் நின்றான். பிறகு தாயின் கையைப் பற்றிக்கொண்டு இரண்டு வாக்குறுதிகள் தந்தான். அவை என்ன என்பது அவ்விருவருக்கும் இறைவனுக்கும் உரியது. அன்னையின் கண்களில் நீர் இருந்தது; வந்தபோது இருந்த கலக்கம் இல்லை.

கடல் கடந்து செல்லும் நம் பிள்ளைகள் அனைவருக்கும் பகவான் வழித்துணையாக நின்று அருள்வாராக!